சரிந்துகொண்டே வாழும் கரை

சார்மவுத் கடற்கரையில் காலையில் தனியாக நின்றால் அலைச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தமும் காதில் விழுகிறது. பொலபொலவென்று எதுவோ உதிரும் சத்தம். பழைய வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்து விழுமே, அது போல. தலையைத் தூக்கினால் கருஞ்சாம்பல் நிறக் குன்று ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. அதன் முகத்திலிருந்து ஒரு பிடி மண் உருண்டு வந்து அடிவாரத்தில் சேர்கிறது. சற்று அமைதி. பிறகு பத்தடி தள்ளி இன்னொரு பிடி. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், இரவும் பகலும் அந்தக் குன்று தன்னை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது.

இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் வட்டாரத்தில் இருக்கிறது சார்மவுத். லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ரயில் ஏறி ஆக்ஸ்மின்ஸ்டரில் இறங்கினால், அங்கிருந்து லைம் ரீஜிஸ் என்ற சிறு துறைமுக ஊருக்குப் பேருந்து. வளைந்து வளைந்து இறங்கும் சாலை. இரு புறமும் ஆளுயர உயிர்வேலி. வேலி இடைவெளியில் பச்சைச் சரிவுகளும் ஆட்டுக்குட்டிகளும். கடைசி வளைவில் திடீரென்று கடல். லைமுக்குக் கிழக்கே, நடந்து போகும் தூரத்தில் சார்மவுத். நான் போனது மார்ச் கடைசி வாரம். குளிர்காலப் புயல்கள் ஓய்ந்திருந்தன; கோடைக் கூட்டம் இன்னும் வரவில்லை.

எக்ஸ்மவுத்திலிருந்து ஸ்டட்லண்ட் வரை 95 மைல், கிட்டத்தட்ட 153 கிலோமீட்டர் நீளும் இந்தக் கரையை 'ஜுராசிக் கரை' என்கிறார்கள். 2001இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இங்கே பாறை அடுக்குகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்து கிடக்கின்றன. அதனால் மேற்கு முனையில் 25 கோடி ஆண்டுப் பழைய செம்பாறையில் தொடங்குபவர், நடக்க நடக்க இளைய பாறைகளுக்கு வந்துசேர்வார். 18.5 கோடி ஆண்டுகளின் கதை, பக்கம் பக்கமாக, கடலோரத்தில் விரிந்து கிடக்கிறது. அதில் நான் படித்தது லைம் ரீஜிஸிலிருந்து ஆபட்ஸ்பரி வரையிலான ஒரு துண்டுதான். மூன்று நாள் போதவில்லை.

முதல் நாள் காலையில், கல் தேடுவோரைக் கூட்டிப்போகும் நடைக்குழு ஒன்றில் சேர்ந்துகொண்டேன். வழிகாட்டி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "குன்றைப் பார்க்காதீர்கள், அதன் அடியில் நிற்கவே நிற்காதீர்கள். கடல் இறங்கும்போது அலை கழுவிப்போட்ட சரளையைப் பாருங்கள்" என்றார். "ஒழுங்கான வடிவம் எங்கே கண்ணில் பட்டாலும் குனியுங்கள்."

ஒரு மணி நேரம் குனிந்தபடியே நடந்தேன். கிடைத்தது பழைய நாலணா அளவுக்கு ஒரு சுருள். மங்கிய பொன்னிறம். உள்ளிருந்து வெளியே விரியும் சக்கரம், அதன்மேல் ஒரே சீராக வரிகள். அம்மோனைட். கணவாய்க்கும் சாக்குக் கணவாய்க்கும் தூரத்துச் சொந்தமான, ஓட்டுக்குள் வாழ்ந்த கடலுயிரி. இது சேற்றில் புதைந்து 19 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஓட்டின் அறைகளுக்குள் இரும்பு கந்தகக் கனிமம் நிரம்பியதால் இந்தப் பொன்னிறம்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு மாயவரத்தில் பெரியப்பா வீட்டுப் பூஜை அறைதான் நினைவுக்கு வந்தது. தாமிரத் தட்டில், துளசியோடு, கறுப்பாக வழவழவென்று இருக்கும் சாலிகிராமம். தினமும் அதற்குத் திருமஞ்சனம் நடக்கும். "உள்ளே பெருமாளோட சக்கரம் இருக்குடா, தொட்டுப் பாரு" என்று பெரியம்மா என் விரலைப் பிடித்து அதன் துவாரத்தில் வைத்தது எனக்கு ஆறேழு வயதில். நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் இருக்கும் சக்கரமும் ஜுராசிக் காலத்து அம்மோனைட்தான். இமயமலை எழும்புவதற்கு முன்பு அங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த உயிரின் அச்சு அது. வழிகாட்டியிடம் இதைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "தினமும் குளிப்பாட்டுவார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இதைவிட நல்ல மரியாதை அதற்கு யாரும் செய்ததில்லை" என்றார்.

குன்று ஏன் விழுகிறது?

லைமுக்கும் சார்மவுத்துக்கும் நடுவே நிற்கும் குன்றின் பெயர் பிளாக் வென். ஐரோப்பாவில் ஓயாமல் சரியும் கடலோரங்களில் இதுவும் ஒன்று. காரணம் எளிமையானது. மேலே இருப்பது மணற்பாறை. மழைநீரைக் குடித்துக் கீழே இறக்கும். அடியில் இருப்பது களிப்பாறை, தண்ணீரை விடாது. இரண்டும் சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கி, மேலடுக்கு கனத்து, வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இறங்கிய சேற்றைக் கடல் அடியில் நின்று அள்ளிக்கொண்டு போகிறது. அடி காலியானதும் மேலிருப்பது மறுபடி இறங்கும். மழையும் கடலும் சேர்ந்து இழுக்கும் ரம்பம் இது.

2008 மே மாதம் இங்கே சுமார் 400 மீட்டர் நீளத்துக்குக் குன்று ஒரே மூச்சில் சரிந்தது. அந்தச் சரிவில் லைம் ஊரின் பழைய குப்பைமேடும் சேர்ந்து இறங்கியது. கடற்கரையெங்கும் பழங்காலக் கண்ணாடிப் புட்டிகள். இன்னும் நூறாண்டு பின்னால் போனால், 1908இல் இதே குன்றின் ஒரு பகுதி புகைந்து எரிந்திருக்கிறது. களிப்பாறைக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசையும் கந்தகக் கனிமமும் காற்றுப் பட்டுச் சூடேறித் தீப்பற்றின. ஊரார் அதற்கு 'லைம் எரிமலை' என்று பெயர் வைத்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது, லைமுக்கு மேற்கே 1839 கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்தது. பிண்டன் என்ற இடத்தில் கோதுமை விதைத்திருந்த வயல், விதைப்போடும் வேலியோடும் அப்படியே கடற்பக்கம் நகர்ந்தது. பின்னால் முக்கால் மைல் நீளத்துக்கு ஒரு பெரும்பள்ளம் வாய் பிளந்தது. அருகில் இருந்த இரண்டு நிலவியல் அறிஞர்கள், வில்லியம் கோனிபேரும் வில்லியம் பக்லண்டும், உடனே போய்ப் பார்த்து அளந்து எழுதினார்கள். பக்லண்டின் மனைவி மேரி அதைப் படமாக வரைந்தார். ஒரு பெரும் நிலச்சரிவை அறிவியல் கண்ணோடு முழுமையாகப் பதிவு செய்ததில் அதுவே முன்னோடி. பிரிந்துபோன அந்த நிலத்துண்டில் கோதுமை வாடாமல் வளர்ந்தது. 1840 ஆகஸ்டில் அறுவடை. அதைப் பார்க்கத் திருவிழாப் போலக் கூட்டம் சேர்ந்தது. சரிவின் பெயரால் ஒரு நடன இசைகூட இயற்றப்பட்டது. இன்று அந்த இடம் மனிதர் கைபடாத காடு. அதற்குள் ஒற்றையடிப் பாதையில் நடந்தேன். பெரணியும் கொடியும் மூடி, பகலிலேயே இருட்டு. காலடியில் நிலம் இன்னும் நெளிநெளியாகத்தான் இருக்கிறது.

கடலரிப்பு என்றாலே நம் கண்முன் வருவது லாரி லாரியாகக் கருங்கல் கொட்டிய கரைதான். நிலம் போகிறது, தடுக்க வேண்டும் என்பது இயல்பான துடிப்பு. சார்மவுத்தில் அந்தத் துடிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் இல்லாத குன்றுகளைக் கடலின் கையில் விட்டுவிட வேண்டும் என்பது முடிவு. ஒரு சுவர் எழுப்பினால் அலை அடியை அரிக்காது, சரிவு நிற்கும், ஓரிரு பத்தாண்டில் புல்லும் புதரும் ஏறி அந்தப் பாறை முகத்தையே மூடிவிடும். பிறகு அம்மோனைட் ஏது, அறிவியல் ஏது? உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டமே அரிப்பு இயற்கையாகத் தொடர வேண்டும் என்ற அடிப்படையில் வந்ததுதான். விழுவதைப் பாதுகாப்பது என்ற இந்தக் கருத்து எனக்குப் பிடிபட ஒரு நாள் ஆனது. பிடிபட்டதும் விடவில்லை.

மேரி

அந்தக் குன்றை முதலில் ஒழுங்காகப் படித்தவர் ஓர் ஏழைப் பெண். 1799 மே 21 அன்று லைமில் பிறந்த மேரி ஆனிங். தந்தை ரிச்சர்ட் தச்சர். கரையில் கிடைக்கும் விசித்திரக் கற்களைக் குளிக்க வரும் பணக்காரர்களுக்கு விற்று இரண்டாவது வருமானம் பார்த்தவர். மேரி பதினைந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, 1800 ஆகஸ்டில், அவளைத் தூக்கி வைத்திருந்த பெண்ணும் அருகில் இருந்த இன்னும் இரண்டு பெண்களும் மரத்தடியில் மின்னல் தாக்கி இறந்தார்கள். குழந்தை பிழைத்தது. 1810இல் தந்தை கடனை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு கல் பொறுக்குவது பொழுதுபோக்கல்ல, அடுப்பெரிய வேண்டிய வேலை.

1811இல் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான். முதலை என்று நினைத்தார்கள். மறு ஆண்டு மேரி தேடி, மீதி எலும்புக்கூட்டையும் கண்டுபிடித்தாள். அப்போது வயது பன்னிரண்டு, பதின்மூன்று. அது முதலை அல்ல. டால்ஃபின் போல் நீந்திய ஊர்வன இனம், இக்தியோசார். விற்ற விலை 23 பவுண்டு. அந்த மண்டையோடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1823இல் நீண்ட கழுத்துடைய பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டை எடுத்தார். பாரிஸில் இருந்த ஜார்ஜ் கூவியே, அந்தக் காலத்தின் தலைசிறந்த உடற்கூற்றியல் அறிஞர், கழுத்து இவ்வளவு நீளம் இருக்க முடியாது, ஒட்டுவேலையாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார். பிறகு தன் தவறை ஒப்புக்கொண்டார். 1828இல் பறக்கும் ஊர்வன ஒன்று. ஜெர்மனிக்கு வெளியே கிடைத்த முதல் எலும்புக்கூடு அது.

இந்தப் பட்டியலைவிட எனக்கு மேரியின் கூர்மை தெரிவது சின்ன விஷயங்களில். இக்தியோசாரின் வயிற்றுப் பகுதியில் அடிக்கடி கிடைத்த உருண்டைக் கற்களை உடைத்துப் பார்த்தார்; உள்ளே மீன் செதில், எலும்புத் துணுக்கு. அவை கல்லாகிப்போன சாணம் என்ற முடிவுக்குப் பக்லண்ட் வந்தது மேரியின் இந்தக் கவனிப்பைக் கொண்டுதான். துப்பாக்கித் தோட்டா போல் இருக்கும் பெலம்னைட் கற்களில், உலர்ந்த மைப்பை இருப்பதைக் கண்டார். கணவாய் மை. அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட் அதைத் தண்ணீரில் குழைத்து, அந்தக் காலத்து உயிர்களின் எலும்புகளை அதே மையால் வரைந்தார். 19 கோடி ஆண்டு பழைய மையில் வரைந்த படம்! இதைப் படித்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மேரிக்கு வேலைக் காலம் குளிர்காலம். புயல் அடித்து, குன்று சரிந்து, கடல் சேற்றைக் கழுவும் அந்த இடைவெளியில் போனால்தான் எலும்பு அகப்படும். தாமதித்தால் அலை அதை உடைத்துவிடும். நனைந்த பாவாடையும் சுத்தியலும் கூடையுமாக அவர் போவார். கூடவே ட்ரே என்ற நாய். கண்டெடுத்த இடத்தைக் காட்ட ட்ரேயை அங்கே காவல் உட்காரவைத்துவிட்டு ஆள் கூட்டிவரப் போவாராம். 1833இல் அவர் காலடிக்குச் சற்று முன்னால் குன்று சரிந்தது. ட்ரே அதில் புதைந்து இறந்தது. மயிரிழையில் தப்பிய மேரி, மறுபடியும் அதே குன்றுக்கடியில் போய் நின்றார். வேறு வழி என்ன இருந்தது?

அவர் கண்டெடுத்த எலும்புகளைப் பற்றி லண்டன் நிலவியல் சங்கத்தில் கனவான்கள் கட்டுரை படித்தார்கள். பிளீசியோசாரைப் பற்றி 1824இல் கோனிபேர் அங்கே பேசியபோது மேரியின் பெயரே வரவில்லை. பெண்ணுக்கு அங்கே உறுப்பினராக இடமில்லை. 1919இல்தான் கதவு திறந்தது. நல்லவர்களும் இருந்தார்கள். தாமஸ் பர்ச் என்ற சேகரிப்பாளர், வாடகைக்காக இந்தக் குடும்பம் மேசை நாற்காலியை விற்கும் நிலையில் இருப்பதைப் பார்த்து, 1820இல் தன் சேகரிப்பையே ஏலம் விட்டுச் சுமார் 400 பவுண்டை அவர்களுக்குக் கொடுத்தார். சிறுவயதுத் தோழர் ஹென்றி டி லா பெஷ், மேரி கண்டெடுத்த உயிர்கள் எல்லாம் நீந்தியும் பறந்தும் வாழும் ஒரு பழங்கடலை 1830இல் ஓவியமாக வரைந்தார். அச்சுப் பிரதிகள் விற்ற பணம் மேரிக்கு. தொல்லுயிர் உலகத்தைக் காட்சியாகத் தீட்டிய முதல் பெரும் படம் அது.

1847 மார்ச்சில், மார்பகப் புற்றுநோயால், 47 வயதில் மேரி இறந்தார். புனித மைக்கேல் தேவாலயத்தின் முற்றத்தில் அண்ணன் ஜோசப்போடு ஒரே கல்லறை. போய் நின்றேன். யாரோ வரிசையாகச் சின்னச் சின்ன அம்மோனைட்டுகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில்தான் இன்றைய லைம் அருங்காட்சியகம் நிற்கிறது. ஊரில் அவருக்குச் சிலை வந்தது 2022 மே மாதம். பள்ளிச் சிறுமி ஒருத்தி தொடங்கிய இயக்கம் அதைச் சாதித்தது. வெண்கல மேரி வேகமாகக் கடலை நோக்கி நடக்கிறார், ட்ரே முன்னால் ஓடுகிறது.

சிமெண்ட்

சார்மவுத் கரையில் தொல்லுயிர் மையம் இயங்கும் கட்டடம் ஒரு காலத்தில் சிமெண்ட் ஆலை. முகப்பில் இந்தச் செய்தியைப் படித்ததும் நின்றுவிட்டேன். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையின் சுண்ணாம்புப் பாறையைச் சுட்டுச் சிமெண்ட் செய்தார்கள். லைமில் கடலுக்குள் படிக்கட்டுபோல் நீண்டிருந்த பாறைத் தட்டுகளையும் வெட்டி எடுத்தார்கள். அந்தத் தட்டுகள்தான் அலையின் வேகத்தை முறித்துக்கொண்டிருந்தவை; அவை போனதும் தேவாலயத்துக்கு அடியில் இருந்த குன்று முன்னிலும் வேகமாகக் கரைந்தது. இன்னொரு பக்கம், 1858இல் சிமெண்டுக்காகக் குன்றை வெட்டியபோதுதான் ஸ்கெலிடோசாரஸ் என்ற டைனோசார் வெளியே வந்தது. ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்த முதல் டைனோசார் எலும்புக்கூடுகளில் ஒன்று.

சுண்ணாம்புக் கல், சிமெண்ட், அம்மோனைட்: இந்த மூன்றும் சேரும் இடம் நமக்கும் உண்டு. அரியலூர். அங்கே கிரெட்டேசியக் காலத்தில் கடல் இருந்தது. சுரங்கங்களில் சுண்ணாம்புக் கல்லோடு அம்மோனைட்டும் வருகிறது. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்து அனுப்பப்பட்ட கடற்சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் அறிக்கை வெளியிட்டார். வெளியிட்டது மேரியை உள்ளே விடாத அதே லண்டன் நிலவியல் சங்கம். மேரி அப்போது உயிரோடிருந்தார். காரைப் பள்ளத்தாக்கின் செம்மண் ஓடைகளில் மழைக்குப் பிறகு நடந்தால் காலடியில் பெலம்னைட் கிடக்கும். சார்மவுத்தில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் பெலம்னைட் என்ற பெயர் தெரிகிறது. அரியலூர்ப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அதற்குத் தேவை குனிந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆசிரியரும் ஒரு நாள் நடையும்தான்.

தங்கத் தொப்பி

இரண்டாம் நாள் சார்மவுத்திலிருந்து சீடவுனுக்குக் குன்றுமேல் நடந்தேன். மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை 1,014 கிலோமீட்டர் ஓடும் தென்மேற்குக் கடலோரப் பாதையின் ஒரு சிறு துண்டு அது. கள்ளக் கடத்தலைப் பிடிக்கக் கடலோரக் காவலர்கள் நடந்து நடந்து போட்ட தடம்தான் அந்தப் பாதைக்கு மூலம். ஒவ்வொரு வளைகுடாவுக்குள்ளும் எட்டிப் பார்க்க வேண்டியிருந்ததால் பாதை எப்போதும் கரை விளிம்பிலேயே போகிறது. இப்போதோ விளிம்பு உள்ளே வந்துகொண்டிருப்பதால் பாதையும் கூடவே உள்ளே நகர்கிறது. சில இடங்களில் பழைய தடம் அந்தரத்தில் முடிகிறது. வேலியின் கம்பிகள் காற்றில் தொங்குகின்றன.

வழியெல்லாம் மஞ்சள் பூத்த முட்புதர். ஆங்கிலத்தில் கார்ஸ் என்பார்கள். அருகில் போனதும் சட்டென்று தேங்காய் மணம்! வெயில் பட்டால் அந்தப் பூ அப்படித்தான் மணக்குமாம். வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்து, குளிர்காற்றில், ஆள் நடமாட்டமில்லாத குன்றில் தேங்காய் துருவிய வாசனை வந்தால் எப்படி இருக்கும்? கண் கலங்கிவிட்டது. மேலே வானம்பாடி ஒன்று விடாமல் பாடிக்கொண்டிருந்தது.

புனித கேப்ரியேலின் சிற்றாலயம் கூரையில்லாமல் புல்லுக்குள் நிற்கிறது. சுற்றிலும் இருந்த சிற்றூர் காலப்போக்கில் ஆளற்றுப் போனது. அதற்கு மேலே ஏறினால் கோல்டன் கேப். 191 மீட்டர், இங்கிலாந்தின் தென்கரையிலேயே உயரம் இதுதான். அடியில் சாம்பல் களிப்பாறை, உச்சியில் பொன்னிற மணற்பாறை. மாலை வெயிலில் பார்த்தால் பெயர்க் காரணம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் குன்றையும் சுற்றியுள்ள பண்ணை நிலங்களையும் வைத்திருப்பது நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை. கரையோரங்கள் கட்டடக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி, 1965இல் மக்களிடம் பணம் திரட்டிக் கடற்கரை நிலங்களை வாங்கத் தொடங்கிய இயக்கம் அவர்களுடையது. அதனால்தான் உச்சியில் நின்றால் விடுதி இல்லை, விளம்பரப் பலகை இல்லை. கிழக்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் செசில் கரையும் போர்ட்லண்ட் தீவும். மேற்கே லைமின் கல்லணை வளைவு.

அந்தக் கல்லணையின் பெயர் காப். நம் மீனவ ஊர்களில் தூண்டில் வளைவு கேட்டுப் போராடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான்; எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடலுக்குள் கை நீட்டி, படகுகளை அணைத்துக்கொண்டிருக்கிறது. ஜேன் ஆஸ்டின் 'பெர்சுவேஷன்' நாவலில் ஒரு பெண்ணை இதன் படியிலிருந்து விழவைத்தார். ஜான் ஃபவுல்ஸ் தன் நாவலின் நாயகியை இதன் முனையில் நிறுத்தினார். லைம் ஊரைக் காக்க இந்த அணை வேண்டும், சுவர்களும் வேண்டும். தேவாலயத்துக்குக் கீழே புதிய தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் தேவாலயமும் மேரியின் கல்லறையும் ஒரு நாள் கடலுக்குப் போயிருக்கும். அந்தச் சுவர்மேல் கிழக்கே நடந்தால் அது ஓரிடத்தில் முடிகிறது. அதற்கப்பால் சேறும் சரிவும். வீடுகளைக் காப்பது வரை மனிதர் பொறுப்பு, மற்றது கடலுக்கு என்று கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் வீடோ வயலோ வைத்திருப்பவருக்கு இது வேதனைதான். சரிவு உயிரையும் கேட்கிறது. 2012 ஜூலையில் பர்ட்டன் பிராட்ஸ்டாக் கரையில் குன்று இடிந்து ஓர் இளம்பெண் இறந்துபோனார். எச்சரிக்கைப் பலகைகளை அதற்குப் பிறகு யாரும் லேசாகக் கடந்துபோக முடியாது. ஆனாலும் அந்தக் கோட்டை அவர்கள் போட்டது சரி என்றே நான் நினைக்கிறேன்.

எடுக்கலாம், எடுக்கக் கூடாது

சார்மவுத்தில் கரையில் தளர்ந்து கிடக்கும் அம்மோனைட்டை யாரும் எடுத்துக்கொள்ளலாம். குன்றைத் தோண்டக் கூடாது. அரிய எலும்பு கிடைத்தால் பதிவு செய்ய வேண்டும். மற்றபடி கண்டவருக்கே சொந்தம். அதே கரையில் சற்றுக் கிழக்கே, செசில் கடற்கரையில் ஒரு கூழாங்கல்லை எடுத்தாலும் குற்றம். இயன் மெக்கீவன் 'ஆன் செசில் பீச்' நாவலுக்காக இங்கிருந்து சில கற்களை எடுத்துப்போய் வீட்டில் வைத்திருந்தார். 2007இல் அதை வானொலியில் அவரே சொல்ல, 2,000 பவுண்டு வரை அபராதம் என்று உள்ளாட்சி எச்சரித்தது. அவர் கற்களைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்.

ஒரே கரைக்கு ஏன் இரண்டு சட்டம்? சார்மவுத்தில் குன்று கொடுத்துக்கொண்டே இருக்கிறது. மனிதர் எடுக்காததை அலை அரைத்துத் தூளாக்கிவிடும்; அங்கே எடுப்பதுதான் காப்பது. செசிலுக்குப் புதுக் கல் வரவில்லை. பழைய காலத்தில் கடல் உயர்ந்தபோது சேர்ந்த கற்கள்தான் இன்றும் புரள்கின்றன, போனால் போனதுதான். அந்த 29 கிலோமீட்டர் மேடுதான் பின்னால் இருக்கும் ஃப்ளீட் உப்பங்கழிக்கும் ஊர்களுக்கும் அரண். 1824 நவம்பர் பெரும்புயலில் கடல் அந்த மேட்டைத் தாண்டி வந்து கிழக்கு ஃப்ளீட் கிராமத்தையே அழித்தது. ஜே. மீட் ஃபாக்னர் 'மூன்ஃப்ளீட்' நாவலை எழுதியது அந்த ஊரை வைத்துத்தான்.

மூன்றாம் நாள் ஆபட்ஸ்பரியில் அந்த மேட்டில் ஏறினேன். இரண்டடி வைத்தால் ஓரடி கீழே சறுக்குகிறது. மேற்கு முனையில் பட்டாணி அளவில் இருக்கும் கல், கிழக்கே போகப் போகப் பெருத்து, போர்ட்லண்டில் உருளைக்கிழங்கு அளவாகிறது. அலை சலித்து வைத்த வரிசை அது. இருட்டிலோ மூடுபனியிலோ படகு ஒதுங்கினால், கரையில் கை வைத்துக் கல்லின் அளவைத் தடவியே எந்த ஊர்ப்பக்கம் வந்திருக்கிறோம் என்று பழைய மீனவர்கள் சொல்லிவிடுவார்களாம். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எடுத்தேன். பெரிய கொண்டைக்கடலை அளவு, குளிர்ச்சி, தேன் நிறம். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே போட்டேன். அலை ஒவ்வொரு முறை பின்வாங்கும்போதும் லட்சக்கணக்கான கற்கள் ஒன்றோடொன்று உரசி, பெருமூச்சு விடுவது போல ஓசை எழுகிறது.

கிளம்பும் நாள் அதிகாலையில் மறுபடி சார்மவுத்துக்குப் போனேன். இரவெல்லாம் மழை. பிளாக் வென்னின் ஒரு பக்கம் புதிதாகச் சரிந்து, சேறு நாக்கு நீட்டியது போலக் கடற்கரைக்கு வந்திருந்தது. அதன் விளிம்பில் கடல் பால் கலந்த சாம்பல் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. எட்டு மணிக்குள் பதினைந்து இருபது பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் குன்றிலிருந்து தள்ளியே நின்றார்கள், கையில் பிளாஸ்டிக் வாளி. முதல் நாள் பார்த்த வழிகாட்டியும் இருந்தார். ரப்பர் பூட்ஸ் போட்ட சிறுமி ஒருத்தி ஓடிவந்து சேறு அப்பிய ஒரு கல்லை அவரிடம் நீட்டினாள். அவர் கட்டைவிரலால் அழுந்தத் துடைத்தார். மூன்று வரிகள் தெரிந்தன. பிறகு சுருளின் பாதி. சிறுமி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கடல் ஏற ஆரம்பித்துவிட்டது. இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கல்லை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். அவள் வாளியில் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தாள். நானும் குனிந்தேன்.